சுருக்கினால் தோலும் ரெக்சின்தான்

லாங் பஜார் கடைவீதியில் பெல்ட்டோ பர்ஸோ வாங்குகிறவர் அதைத் தடவிப் பார்ப்பார், மடித்துப் பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்ப்பார். அசல் தோலா, ரெக்சினா என்று தெரிந்துகொள்ள அவருக்கு இத்தனை வழி இருக்கிறது. அதே பொருளைக் கைப்பேசியில் பார்க்கிறவருக்குப் படத்தை விட்டால் வேறு வழியில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் வட்டாரத்தில் சின்ன வியாபாரிகூட இன்று வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஷூ விற்கலாம். நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்க மெனக்கெடுகிறவர்கள், அதைச் சுருக்கும் வேலையை மட்டும் செயலியிடம் விட்டுவிடுகிறார்கள். வாங்குபவர் கண்ணுக்கு எது போய்ச் சேரும், எது சேராது என்பது அந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. ஆகவே படத்தைச் சுருக்குவது விற்பவரே தன் கையால் செய்ய வேண்டிய வேலை என்பது என் கட்சி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மெகாபிக்சல் கேமரா தரும் படம் 4000 பிக்சல் நீளம், 3000 பிக்சல் அகலம். 30 செ.மீ. நீளமுள்ள ஒரு ஷூ அந்த 4000 பிக்சலையும் நிறைத்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சல், பொருளின் மேல் 0.075 மி.மீ. நீளத்தைப் பிடிக்கிறது. தோல் தொழிலில் கிரெயின் என்று சொல்கிற மேற்பரப்பின் மயிர்த்துளைகளும் சீரற்ற சுருக்கங்களும் இந்த அளவில் ஓரளவு தெரியும். இதே படத்தைக் கிடைவாக்கில் இன்ஸ்டாகிராமில் ஏற்றினால் அந்த நீளம் 1080 பிக்சலுக்குள் அடங்கிவிடும். இப்போது ஒரு பிக்சலுக்கு 0.28 மி.மீ. மயிர்த்துளை பிக்சலை விடச் சிறியதாகிப்போகிறது. பல துளைகள் ஒரே நிறமாகக் கலந்து, மேற்பரப்பு வழுவழுவென்று ஆகிவிடும். ரெக்சினில் அச்சடித்த ஒரே மாதிரியான கோலத்துக்கும் ஆட்டுத்தோலின் இயற்கையான ஒழுங்கின்மைக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே அழிந்துவிடுகிறது.

பிக்சல் குறைவதோடு சேதம் நிற்பதில்லை. 1992இல் தரநிலையாக வந்த ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் நிறத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சட்டென மாறும் நுணுக்கங்களைத்தான் முதலில் கழிக்கிறது. முகத்துக்கும் வானத்துக்கும் இது பொருந்தும்; தோலுக்கு அந்த நுணுக்கமே சரக்கின் தரம். நிறத் தகவலைப் பல செயலிகள் கால் பங்காகக் குறைத்துவிடுவதால், கறுப்புத் தோலின் மேல் போட்ட சிவப்பு நூல் தையல் மங்கிப் பரவுகிறது. துளையிட்டு அலங்கரித்த ஷூவையும் பின்னல் செருப்பையும் அக்கம்பக்கப் பிக்சல்களின் சராசரியை எடுக்காமல் அவசரமாகச் சுருக்கினால், பொருளில் இல்லாத வரிகள் படத்தில் முளைக்கும். சுருக்கிய படத்தையே மறுபடி அனுப்பி, அதை இன்னொருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மறுபடி ஏற்றினால், ஒவ்வொரு கைமாற்றத்திலும் இந்தக் கழிவு கூடிக்கொண்டே போகும்.

கைப்பேசித் திரையே ஆறு அங்குலம், அதில் மயிர்த்துளையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். முழு ஷூவைப் பார்க்கும்போது யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் காசு கொடுக்கப் போகிறவர் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார். அமேசான் தன் தளத்தில் பொருள் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க நீளப் பக்கம் 1000 பிக்சலாவது வேண்டும் என்று கேட்பது வாங்குபவரின் இந்தப் பழக்கத்தை அறிந்துதான். செயலி எப்படியும் சுருக்கத்தான் போகிறது, நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. 4000 பிக்சல் மூலப்படத்திலிருந்து ஷூவின் முன்பகுதியை மட்டும் 8 செ.மீ. நீளத்துக்கு வெட்டி எடுங்கள். அது ஏறக்குறைய 1067 பிக்சல் வரும். இன்ஸ்டாகிராம் ஏற்கும் 1080-க்குள் அடங்கிவிடுவதால் அளவைக் குறைக்க வேண்டியதே இல்லை. கிரெயின் பெரும்பாலும் நிற்கும். முழுப் பொருளுக்கு ஒரு படம், அருகாமைக்கு ஒரு படம் என்று இரண்டாகப் போட்டால் போதும். எந்த இடத்தை வெட்டிக் காட்டினால் சரக்கு பேசும் என்பது தோலைத் தொட்டுப் பழகிய விற்பவருக்குத் தெரியும். செயலிக்குத் தெரியாது.

சுருக்கவே கூடாது என்று சொல்லவில்லை. நாலைந்து எம்பி படங்களை இணையதளத்தில் அப்படியே போட்டால், மெதுவான இணைப்பில் பார்க்கிறவர் பக்கம் திறக்கும் முன்பே போய்விடுவார். வாட்ஸ்அப் வழக்கமான தரத்தில் அனுப்பும் படத்தை ஏறக்குறைய 1600 பிக்சலுக்குள் கொண்டுவந்துவிடும். 2023 ஆகஸ்டில் வந்த எச்டி வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால் இழப்பு குறையும், டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு மாறாமல் போகும். விசாரிக்கிறவருக்குச் சாதாரணப் படம் போதும், ஆர்டர் கொடுக்கப் போகிறவருக்கு டாக்குமென்ட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நியாயம் நடக்கும்.

மூலப்படம் தொலைந்தால் என்ன, ஏஐ செயலியில் போட்டுத் தெளிவாக்கிக்கொள்ளலாமே என்பதுதான் இப்போது அதிகம் கேட்கும் சமாதானம். இதுதான் எனக்கு மிகவும் ஆபத்தாகப் படுகிறது. போன பிக்சல் போனதுதான். அந்தச் செயலி தான் பழகிய ஆயிரக்கணக்கான படங்களை வைத்து, இங்கே இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகிறது. மங்கலான ரெக்சின் படத்தைக் கொடுத்தால் அதிலும் அழகான மயிர்த்துளைகளை வரைந்து தரக்கூடும். அப்படி ஒரு படத்தைப் பார்த்து வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன.

தோல் விற்காதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் கேட்கும் புகைப்படம் 200-க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140-க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. 1957இல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் தன் கைக்குழந்தையின் படத்தை ஸ்கேன் செய்து உருவாக்கிய, உலகின் முதல் டிஜிட்டல் படங்களில் ஒன்று 176-க்கு 176 பிக்சல். நம் பிள்ளைகள் தேர்வுக்கு அனுப்பும் முகம் மொத்தப் பிக்சல் கணக்கில் அதைப்போல் ஒன்றரை மடங்குதான்! இவ்வளவு சிறிய இடத்தில் முகம் தெளிவாக இருக்க வேண்டுமென்றால் வரிசை முக்கியம். முதலில் முகத்தைச் சுற்றி வெட்ட வேண்டும், பிறகு பிக்சலைக் குறைக்க வேண்டும், கடைசியில்தான் கேபி. பிக்சலைத் தொடாமல் தரத்தை மட்டும் அடித்துக் கேபியைக் குறைத்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். அச்சுக்குப் போகும்போது கணக்கு எதிர்ப்பக்கம் திரும்புகிறது: அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 1080 பிக்சல் படம் 3.6 அங்குலத்துக்குத்தான் தாங்கும். அதைக் கொண்டுபோய்க் கல்யாணப் பத்திரிகையின் முழுப்பக்கத்துக்குக் கேட்டால் அச்சகத்தார் என்ன செய்வார்?

அடுத்த முறை ஸ்டூடியோவிலோ ப்ரவுசிங் சென்டரிலோ படம் எடுத்தால், சுருக்கிய கோப்போடு மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அதன் பெயரில் 'மூலம்' என்று சேர்த்துத் தனியாக வைத்துவிட்டு, சுருக்குவதையெல்லாம் அதன் நகலில் மட்டும் செய்யுங்கள்.