போர்த்தால் அங்கி, விரித்தால் வீடு!

மழைக்காலம் வந்துவிட்டால் போதும், நம் வீடுகளில் ஒரு தேடல் ஆரம்பமாகிவிடும். போன வருஷம் வாங்கிய குடை எங்கே? குழந்தையின் மழைக்கோட்டு எங்கே? குடை கிடைத்தால் அதில் ஒரு கம்பி ஒடிந்திருக்கும். மழைக்கோட்டு கிடைத்தால் குழந்தை வளர்ந்திருக்கும்! கடைசியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவதுதான் நம்மில் பலருடைய வழக்கம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. போலந்து தேசத்தில் படித்துவிட்டுத் திரும்பிய என் மனைவியின் அண்ணன் மகன், ஒரு நாள் பெரிய மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டான். "அத்தை, இது அந்த ஊர்ப் பட்டாளத்துச் சரக்கு. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது. இனிமேல் உங்களுக்கு மழைக் கவலையே வேண்டாம்!" என்றான்.

பிரித்துப் பார்த்தோம். பாசி நிறத்தில் இரண்டு கித்தான் துணிகள். ஓரமெல்லாம் பித்தான்களும் காஜாக்களும். கழுத்துக்கு ஒரு பட்டி. கைகளை வெளியே நீட்ட இரண்டு பிளவுகள், அவற்றை மூட மடிப்புகள். கனமோ நல்ல பூசணிக்காய்க் கனம்.

"என்னங்க இது? லாரிக்குப் போடுகிற படுதாவையல்லவா கொண்டு வந்திருக்கிறான்!" என்றாள் என் மனைவி.

படுதா இல்லை, நேயர்களே. ஒன்றை எடுத்துத் தோளில் போர்த்திப் பித்தானைப் போட்டால், கழுத்திலிருந்து கணுக்கால் பக்கம் வரை மறைக்கும் மழை அங்கி. தரையில் விரித்தால் ஜமக்காளம். இரண்டையும் சேர்த்துப் பித்தான் போட்டு, நடுவில் ஒரு கழி நாட்டி, ஓரத்தைச் சுற்றி முளை அடித்தால், கூம்பு வடிவில் இரண்டு பேர் படுக்கும் கூடாரம்! ஐரோப்பாவின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் சாமி இனத்தார் 'லவ்வூ' என்று ஒரு கூம்புக் கூடாரம் போடுவார்கள். அந்தச் சாயல் இருப்பதால் மேனாட்டில் மலையேறுகிறவர்கள் இதற்குப் 'போலிஷ் லவ்வூ' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சிப்பாயின் சொத்து

இந்த யோசனை போலந்துக்காரர்களுக்கு மட்டும் உதித்தது அல்ல. சிப்பாய் என்பவன் தன் வீட்டை முதுகில் சுமந்து நடக்கிறவன். ஆகவே ஒரு சாமான் இரண்டு மூன்று வேலை செய்தால்தான் அவனுக்குச் சௌகரியம். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில், ஆளுக்குப் பாதிக் கூடாரம் கொடுத்தார்கள். இரண்டு பேர் சிநேகமாக இருந்தால்தான் இரவில் தலைக்கு மேல் கூரை! முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள், ரப்பர் பூசிய தரை விரிப்பையே மழை அங்கியாகவும் போர்த்திக்கொண்டார்கள். ஜெர்மானியர்கள் 1931-ல் ஒரு முக்கோணத் துணியைக் கொண்டு வந்தார்கள். நான்கு முக்கோணங்கள் சேர்ந்தால் ஒரு கோபுரக் கூடாரம். ரஷ்யர்களுடையது ஏறக்குறைய ஆறடிச் சதுரம். அதன் பெயர் 'பிளாஷ் பலாத்கா'. 'பிளாஷ்' என்றால் மழைக்கோட்டு, 'பலாத்கா' என்றால் கூடாரம். பெயரிலேயே எல்லாம் அடங்கிவிட்டது!

இவற்றுக்கெல்லாம் பாட்டி, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் இருக்கிறாள். நடுவில் தலை நுழையத் துவாரம் வைத்த கம்பளிதான் 'போஞ்சோ'. நம் கிராமத்துப் பாட்டியும் சளைத்தவள் அல்ல. கோணிச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகி, தலையிலிருந்து முதுகு வரை மறையும்படி 'கொங்காணி' போட்டுக்கொண்டு நாற்று நடப் போனவள் அவள். தையல் கூலி இல்லை, பித்தான் செலவும் இல்லை!

கல்வராயனில் ஒரு மாலை

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமாயிற்று. ஊரிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போனால், 1965-ல் கட்டி முடித்த கோமுகி அணை வரும். அதைத் தாண்டினால் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் சேர்வராயனுக்கும் ஜவ்வாது மலைக்கும் சகோதரி. இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரத்தில் வயல்களும் குடிசைகளும் ஓடைகளுமாகப் பரந்து கிடக்கிறது. அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்து மலையாளி என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலை ஏறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் என் கல்லூரி நண்பர் ஆசிரியராக இருக்கிறார். "வாருங்கள், என் வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டுக்கொள்ளலாம்" என்று அழைத்திருந்தார். ஐப்பசி மாதம் நானும் என் மனைவியும் எட்டு வயதுப் பையனும் புறப்பட்டோம். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. பாதி வழியில் வானம் இருண்டது. மலை மழைக்கு முன்னறிவிப்பு ஏது? சடசடவென்று பிடித்துக்கொண்டது.

அங்கிகளை எடுத்துப் போர்த்திக்கொண்டோம். என் அங்கிக்குள் முதுகு மூட்டையும் அடங்கிற்று. என் மனைவியின் அங்கிக்குள் பையன் அடங்கினான். புடவைக்கு மேல் கோட்டுப் போட்டால் கொசுவம் கசங்கும், முந்தானை சிக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. லாரிப் படுதா என்று சொன்னவள் வாயைத் திறக்கவில்லை!

அப்போது எதிரே மரவள்ளிக் கிழங்குச் சுமையுடன் ஒரு பெண்மணி வந்தாள். தலையில் சாக்குக் கொங்காணி. பின்னால் ஐந்து வயதுப் பெண் குழந்தை, சின்னச் சாக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு. என் மனைவி அங்கியை அகல விரித்து, "இப்படி வா, கண்ணு" என்றாள். அந்தப் பெண்மணி சிரித்தாள்.

"அதுக்குச் சாக்கு போதும்மா. உங்க புள்ளை கால் நனையுது பாருங்க. வூட்டாண்ட வந்து நின்னுட்டுப் போங்க."

போனோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? சுமையை இறக்கினாள். தலையைக்கூடத் துவட்டிக்கொள்ளவில்லை. இரண்டு சாக்குகளையும் வாசலில் உதறி, அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் விரித்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வரக்காப்பி. நாங்கள் எங்கள் அங்கிகளைச் சுருட்டித் திண்ணையில் வைத்துவிட்டு, காப்பி குடித்தோம்.

தொட்டால் ஒழுகும்!

மழை விட்டதும் நண்பர் வீட்டுக்குப் போய், வாசலில் கூடாரம் போட்டோம். இரவு மறுபடியும் மழை. கூடாரத்துக்குள் ஒரு சொட்டு விழவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பையனுக்கு விளக்கமும் சொன்னேன்.

பருத்தி நூல் தண்ணீரைக் குடித்தால் உப்பும். உப்பினால் இழைகளுக்கு நடுவே இருக்கும் கண்கள் அடைபட்டுப் போகும். பிறகு விழும் மழை, துணியின் மேலேயே வழுக்கி ஓடிவிடும். ஆனால் காற்று கொஞ்சம் புகுந்து வெளியேறும். ரப்பர், பிளாஸ்டிக் அங்கிகளில் உடம்பு வேர்த்துப் புழுங்குவதுபோல் இதில் புழுங்காது. ஒரே ஒரு நிபந்தனை: நனைந்த கித்தானை உள்பக்கமிருந்து தொடக் கூடாது. தொட்ட இடத்தில் நீர் விரல் வழியே இறங்கி ஒழுகத் தொடங்கிவிடும்.

"எப்படிப்பா ஒழுகும்?" என்று கேட்டுக்கொண்டே பையன் ஒரு விரலை வைத்தான். அன்று இரவு முழுவதும் அந்த விரல் வைத்த இடம் என் நெற்றிக்கு நேரே இருந்தது!

பெண்களுக்கு உபயோகமான சில விஷயங்கள்

சகோதரிகளே! அருவிக்கும் கடற்கரைக்கும் குடும்பத்தோடு போகிறோம். குளித்தபின் உடை மாற்ற மறைவிடம் தேடி நாம் படும் பாடு சொல்லி முடியாது. இந்த அங்கியைக் கழுத்தில் பித்தான் போட்டுக்கொண்டால் போதும். உள்ளேயே புடவை மாற்றிவிடலாம். என் மனைவி மனம் மாறியது இந்த ஓர் உபயோகத்தினால்தான்.

ஆனால் சில எச்சரிக்கைகளும் உண்டு. ஸ்கூட்டரில் போகும்போது இதைப் போர்த்தவே கூடாது. தொங்கும் நுனி சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளே அடுப்போ கரியோ மூட்டக் கூடாது. நெருப்பு பிடிக்கும் என்பது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத விஷவாயு சேர்ந்து தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும் என்பது இன்னொன்று. இடி மின்னலில் தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். ஓடைக்கரையில் முளை அடிக்காதீர்கள். மேலே மழை பெய்தால் கீழே வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. காட்டு இலாகாவின் அனுமதி இல்லாமல் காப்புக் காட்டுக்குள் தங்குவது குற்றம்.

போகிப் பண்டிகையில் கண்ட காட்சி

இனி என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஈரத்தோடு இரண்டையும் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் திணித்து, கயிறு கட்டி ஊருக்குக் கொண்டுவந்தேன். "வெயில் வந்ததும் உலர்த்திவிடுகிறேன்" என்று என் மனைவியிடம் வாக்குக் கொடுத்துப் பரணில் வைத்தேன். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. போகியன்று பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் பை கீழே வந்தது.

பிரித்ததும் வீடெல்லாம் ஒரே முடை நாற்றம். அடியில் இருந்த அங்கி முழுவதும் கரும்புள்ளி. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பழைய செய்தித்தாள் மாதிரி கிழிந்தது. பட்டாளத்தில் உழைத்து, கடல் கடந்து வந்த துணி, எங்கள் பரணில் மூன்று மாதத்தில் மக்கிப் போயிற்று.

என் மனைவி கோபிக்கவில்லை. கிழிந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "அந்த மலை வீட்டு அம்மா முதலில் சாக்கைத்தானே உலர்த்தினாள்? நாம் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு பார்த்தோம்" என்றாள். நான் என்ன பதில் சொல்ல முடியும்?

பிழைத்த ஒன்றைப் பாதுகாக்கும் முறை

மேலே இருந்த இன்னோர் அங்கி எப்படியோ பிழைத்தது. அதன் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். வீட்டில் கித்தான் பை, கித்தான் செருப்பு, வாசல் படுதா எது இருந்தாலும் இது பயன்படும்.

நனைந்த கித்தானை அன்றைக்கே விரித்து உலர்த்த வேண்டும். வெயில் இல்லாவிட்டால் மின்விசிறிக்குக் கீழே கொடியில் போடுங்கள். மடிப்பு, தையல், பித்தான் அடி இவை காய்ந்தனவா என்று தொட்டுப் பார்த்த பிறகே மடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கவே கூடாது. சேறு பட்டால் காய்ந்தபின் பிரஷால் தட்டிவிடுங்கள். சலவை சோடா போட்டுத் துவைத்தால் மழை தாங்கும் பக்குவம் போய்விடும்.

பக்குவம் குறைந்து ஒழுக ஆரம்பித்தால், பழைய காலத்து முறை ஒன்று இருக்கிறது. நல்ல பார் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, துணியை அதில் ஊறப்போட்டுப் பிழிந்து உலர்த்துங்கள். பிறகு படிகாரம் கரைத்த நீரில் ஊறவைத்து மறுபடி உலர்த்துங்கள். சோப்பும் படிகாரமும் நூலுக்குள் சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு பூச்சாக மாறிவிடும். தையல் ஓரங்களில் தேன்மெழுகைத் தேய்த்தால் இன்னும் நல்லது. ஆனால் மெழுகு பட்ட துணி சீக்கிரம் நெருப்புப் பிடிக்கும். அடுப்பங்கரைப் பக்கம் வேண்டாம்.

பழைய பட்டாளத்துச் சரக்கு வாங்குகிறவர்கள் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசிக்கண் ஓட்டைகள் உண்டா என்று பாருங்கள். முகர்ந்து பாருங்கள். மூலையைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். பித்தான்களை எண்ணிக்கொள்ளுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இப்போது எங்கள் வாசல் ஆணியில் ஒரே ஓர் அங்கி தொங்குகிறது. கிழிந்ததிலிருந்து நல்ல பாகத்தை வெட்டி, கறிகாய் வாங்க இரண்டு பை தைத்தாயிற்று. ஜோடி போய்விட்டதால் கூடாரம் இல்லை. போலந்திலிருந்து இன்னொன்று வரும் வரையில், இருக்கிற அங்கி என் மனைவிக்குத்தான் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.

எனக்குப் பழைய குடை. அதில்தான் ஒரு கம்பி ஒடிந்திருக்கிறது!