சுவர் முதலா, சித்திரம் முதலா?

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரணியை முட்டி மோதி முன்னேறும் ஆட்டம் அது. மாப்பிள்ளையின் தயவில் எனக்கும் அந்தப் பித்து தொற்றிக்கொண்டது. ஆனால் ஆட்டத்தைவிட என்னை அதிகம் ஈர்த்தது, அங்கே அணிகள் ஆள் எடுக்கும் முறைதான்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. களத்தில் அணிக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணியின் மூளை 'குவார்ட்டர்பேக்'. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று வினாடிக்குள் அவர் முடிவு செய்தாக வேண்டும். அதுவரை எதிரிகள் அவர்மீது பாயாதபடி ஐந்து மலைபோன்ற ஆட்கள் முன்னால் நின்று தடுப்பார்கள். அந்த அரண் உடைந்தால் மனிதர் பந்தோடு மண்ணில் சாய்வார். இதற்கு 'ஸாக்' என்று பெயர்.

ஆண்டுதோறும் 32 அணிகளும் கல்லூரி வீரர்களை முறை வைத்து எடுத்துக்கொள்கின்றன. இதுதான் 'டிராஃப்ட்'. மொத்தம் 7 சுற்றுகள். முந்தைய ஆண்டில் கடைசியில் நின்ற அணிக்கே முதல் வாய்ப்பு. நியாயமான ஏற்பாடுதான், ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. மிகச் சிறந்த இளைஞன் பெரும்பாலும் மிக நொடித்த வீட்டுக்குத்தான் போய்ச் சேருகிறான்!

அப்படியானால் குவார்ட்டர்பேக்கை எப்போது எடுப்பது? ஆளை முதலில் எடுத்துவிட்டு அணியைக் கட்டுவதா, அணியைக் கட்டிவிட்டு ஆளைத் தேடுவதா?

ஆளைக் கணிப்பது எளிதல்ல. 1998இல் பெய்ட்டன் மேனிங்கா, ரயன் லீஃபா என்று நிபுணர்களே பிரிந்து நின்று வாதிட்டார்கள். மேனிங்கை இண்டியானாபொலிஸ் முதலாவதாக எடுத்தது. இரண்டு முறை வாகை சூடிய அணிகளில் ஆடி, பெரும்புகழோடு ஓய்வு பெற்றார். லீஃபை எடுக்க சான் டியேகோ, அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பையும் சேர்த்து விலையாகக் கொடுத்தது. 2002இல் அவர் ஆட்டத்தையே விட்டுவிட்டார். 2000இல் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடியோ ஏழு முறை சூப்பர் பவுல் வென்றார். ஆனால் 199ஆம் இடத்தில் பிரேடி கிடைப்பார் என்று காத்திருப்பது லாட்டரிச் சீட்டை நம்பி வீடு கட்டுவது போல.

ஆள் எப்படி அமைவான் என்பது அணியின் கையில் இல்லை. அவனுக்கு முன்னால் நிற்கும் அரண் அதன் கையில் இருக்கிறது. ஹூஸ்டனின் கதை இதைச் சொல்லும். 2002இல் புதிதாகப் பிறந்த அந்த அணி, டேவிட் கார் என்ற இளைஞரை முதல் ஆளாக எடுத்து உடனே களத்தில் இறக்கியது. அவரைக் காக்க அழைத்து வந்த டோனி பொசெல்லி காயத்தால் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த ஒரே பருவத்தில் கார் 76 முறை மண்ணைக் கவ்வினார். அது சாதனை எண்ணிக்கை. 2005இல் மீண்டும் 68 முறை. 2007இல் அணி அவரை அனுப்பிவிட்டது. அதன் பிறகு அவர் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே காலம் தள்ளினார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தன்னம்பிக்கையைத் திருப்பிக் கொடுக்க எந்த டிராஃப்டும் இல்லை.

மாறாக கான்சஸ் சிட்டியைப் பாருங்கள். 2016இல் 12 வெற்றி கண்ட அணி அது. 2017இல் 27ஆம் இடத்திலிருந்து 10ஆம் இடத்துக்கு விலை கொடுத்து ஏறி, பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. எடுத்தும் அவசரப்படவில்லை. அனுபவசாலியான அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் ஓராண்டு உட்கார வைத்தது. பலன்: 2020, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் சூப்பர் பவுல் வெற்றி.

இதில் பணக் கணக்கும் உண்டு. அணி செலவிடும் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. 2010இல் முதல் ஆளான சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உறுதி செய்யப்பட்டது. 2011இல் விதி மாறியது. அவ்வாண்டின் முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்குமாகச் சேர்த்தே சுமார் 2.2 கோடி டாலர்தான். ஆக, புதியவர் மலிவாகக் கிடைக்கும் அந்த நான்கு ஆண்டுகளில் மிச்சமாகும் பணத்தைக் கொண்டு மற்ற இடங்களை நிரப்பிக்கொள்ளலாம். மூன்றாம் சுற்றில் எடுத்த ரஸல் வில்சனோடும் வலுவான தடுப்பாட்டக்காரர்களோடும் சியாட்டில் 2014 பிப்ரவரியில் வென்றது இப்படித்தான். அரண் இல்லாத அணிக்கோ அந்த மலிவான ஆண்டுகள் வீணாகக் கழியும்.

என் கட்சி இதுதான். உண்மையிலேயே நம்பிக்கை தரும் ஆள் கண்ணில் பட்டால் எந்த ஆண்டானாலும் எடுத்துவிட வேண்டும். அத்தகையவர் தினமும் கிடைப்பதில்லை. ஆனால் எடுப்பது வேறு, இறக்குவது வேறு. ஐந்து பேர் கொண்ட அரணும் பொறுமையான பயிற்சியாளரும் அமையும் வரை அவரை ஓரத்தில் அமர்த்திக் கற்றுக்கொள்ள விட வேண்டும். "முறை வந்துவிட்டது, ரசிகர்கள் கேட்கிறார்கள்" என்பதற்காக மட்டும் ஒருவரை எடுக்கவே கூடாது.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்றார்கள் நம் பெரியவர்கள். நல்ல ஓவியன் முன்கூட்டியே வந்துவிட்டால் அவனை விரட்ட வேண்டியதில்லை. சுவர் காயும் வரை திண்ணையில் உட்கார வைத்து உபசரித்தால் போதும்.