51.2 டிகிரி: ஒரு ஹெடர் கோப்பு சொன்ன பொய்

போடியில் ஏலக்காயோடு சம்பந்தமே இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கணும். எங்க வீட்டில் அது தாய்மாமா. போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் அவருடைய சின்னத் தோட்டமும், காய வைக்கிற ஸ்டோரும். பறித்த பச்சைக் காயை அறைக்குள் தட்டுகளில் பரப்பி, விறகு அடுப்பின் சூட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் உலர்த்துவார்கள். சூடு சுமார் 45 முதல் 55 டிகிரிக்குள் நின்றால் பச்சை நிறம் தங்கும். அதற்கு மேல் போனால் காய் வெளுத்துப் பழுப்பேறும், சிலது வெடிக்கும். ஸ்பைசஸ் போர்டு போடியிலும் புத்தடியிலும் நடத்துகிற மின்னணு ஏலத்தில் நிறமும் பருமனும்தான் விலை. ஆக, அந்த ராத்திரிச் சூடுதான் வருசத்து வருமானம்.

நமக்கு சி மொழி தெரியுமே என்று ஒரு வெப்பமானி செய்து கொடுத்தேன். அட்மெகா328 சிப், ஒரு சென்சார். நிமிசத்துக்கு ஒரு பதிவை கேபிள் வழியாகப் பக்கத்து அறை லேப்டாப்புக்கு அனுப்பும். அங்கே அது ஒரு கோப்பில் சேரும். ஒரு பதிவில் நாலு விசயம்: அறை எண், நேரம், வெப்பம், ஈரப்பதம். வெப்பமும் ஈரப்பதமும் பத்தால் பெருக்கிய முழு எண்கள். அதாவது 48.5 டிகிரி என்றால் 485. சிப்புக்கும் லேப்டாப்புக்கும் பொதுவாக ஒரே ஹெடர் கோப்பு. ஒரே இடத்தில் எழுதினால் ரெண்டு பக்கமும் ஒத்துப்போகும் என்று நினைத்தேன். அங்கேதான் சறுக்கியது.

முதல் பதிப்பில் அறை எண்ணுக்கு அன்சைன்ட் சார், நேரத்துக்கு லாங், மற்ற ரெண்டுக்கும் இன்ட். இந்த ஸ்ட்ரக்ட்டின் அளவை மூன்று இடத்தில் அச்சிட்டுப் பார்த்தேன். சிப்பில் 9 பைட். ஸ்டோரில் இருந்த விண்டோஸ் லேப்டாப்பில் 16. என்னுடைய 64 பிட் லினக்ஸில் 24! கம்பைலர் யாரும் தப்புப் பண்ணவில்லை. இன்ட் எத்தனை பைட் என்று சி மொழி கறாராகச் சொல்வதில்லை. குறைந்தபட்சத்தை மட்டும்தான் சொல்கிறது. ஏ.வி.ஆர். சிப்பில் இன்ட் 2 பைட், லேப்டாப்பில் 4. லாங் விண்டோஸில் 4, 64 பிட் லினக்ஸில் 8.

சரி என்று, அளவு உறுதியான வகைகளுக்கு மாறினேன்: யுஇன்ட்8, யுஇன்ட்32, இன்ட்16 மாதிரியானவை. இவை சி99-இல் வந்தவை. ஆனால் மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் இதற்கான ஹெடர் 2010 பதிப்பில்தான் சேர்ந்தது. அதனால்தான் பழைய திட்டங்களின் ஹெடர்களில் "கம்பைலர் பதிப்பு 1600-க்குக் கீழே என்றால் நானே வரையறுக்கிறேன்" என்று ஒரு மேக்ரோ இன்னமும் தொங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது கணக்கு 1 + 4 + 2 + 2, மொத்தம் 9. வேலை முடிந்தது என்று மலை ஏறிப்போய் மாட்டிவிட்டு வந்தேன். இரண்டாம் எண் அறையில்.

அந்த ராத்திரி திரையில் 51.5, 51.4 என்று அழகாக இறங்கி 51.2-இல் நின்றது. காலையில் மாமா கூப்பிட்டார். "மாப்ள, உன் மிசினு 51-ன்னு சொல்லுது. உள்ள போனா மொகம் காந்துது. காயைப் பாரு, வெளுத்துக் கெடக்கு." திரையை நம்பி ராத்திரி முழுக்க விறகை இழுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒரு அறைக் காய் நிறம் போய்விட்டது.

என்ன நடந்தது பாருங்க. 4 பைட் எண்ணை 4-ஆல் வகுபடும் முகவரியில் வைப்பது லேப்டாப் கம்பைலர்களின் வழக்கம். அதனால் அறை எண்ணுக்குப் பிறகு 3 பைட்டை வெற்றிடமாக விட்டுவிடுகிறது. ஸ்ட்ரக்ட் 12 பைட் ஆகிறது. 8 பிட் சிப்புக்கு அந்தக் கவலை இல்லை, அங்கே 9-தான். என் நிரல் கோப்பில் 9, 9 பைட்டாகத் தாண்டியது, காரணம் அந்த எண்ணை நான் கையால் எழுதியிருந்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் 12 பைட் படித்தது. ஆகவே "வெப்பம்" என்று அது எடுத்தது, ஈரப்பதத்தின் மேல் பைட்டையும் அடுத்த பதிவின் அறை எண்ணையும். அறை எண் 2. ரெண்டு 256 தடவை 512. அதாவது 51.2 டிகிரி! ஈரம் குறையக் குறைய அதன் மேல் பைட் 3, 2, 1, 0 என்று இறங்கும். அதுதான் 51.5 முதல் 51.2 வரை. முதலாம் அறையில் மாட்டியிருந்தால் 25 டிகிரி என்று காட்டி அப்போதே மாட்டியிருக்கும். உளறியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்; நம்பும்படியான பொய்யாகப் போனதுதான் வினை.

அதே கோப்பைச் சரியாகப் படித்தபோது நடுராத்திரிக்குப் பிறகு சூடு 63-ஐத் தொட்டிருந்தது.

தீர்வுக்கு வருவோம். வெற்றிடம் விடாதே என்று கம்பைலரிடம் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்லும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஜிசிசி குடும்பத்துக்கு அட்ரிபியூட், மைக்ரோசாஃப்ட்டுக்கு ப்ராக்மா. இங்கேதான் ப்ரீப்ராசஸர் உதவுகிறது. ஒவ்வொரு கம்பைலரும் தன் பெயரை ஒரு மேக்ரோவாக முன்கூட்டியே வரையறுத்து வைத்திருக்கும். அதைக் கேட்டு, நம் சொந்தப் பெயர் ஒன்றுக்கு அர்த்தம் கொடுத்துவிடலாம். தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி:

#இஃப் டிஃபைன்ட்(__கிளாங்__) || டிஃபைன்ட்(__ஜிஎன்யுசி__)
#டிஃபைன் பேக்_தொடக்கம்
#டிஃபைன் பேக்_முடிவு
#டிஃபைன் பேக்_குறி __அட்ரிபியூட்__((__பேக்ட்__))
#எலிஃப் டிஃபைன்ட்(_எம்எஸ்சி_வெர்)
#டிஃபைன் பேக்_தொடக்கம் __ப்ராக்மா(பேக்(புஷ், 1))
#டிஃபைன் பேக்_முடிவு __ப்ராக்மா(பேக்(பாப்))
#டிஃபைன் பேக்_குறி
#எல்ஸ்
#எரர் "இந்தக் கம்பைலரில் இன்னும் சோதிக்கவில்லை"
#எண்டிஃப்

இதில் கவனிக்க வேண்டியவை சில. ஒன்று, கம்பைலரைப் பற்றிய கேள்வி ஹெடரின் உச்சியில் ஒரே ஒரு தடவைதான் வருகிறது. கீழே ஸ்ட்ரக்ட் வரையறைகளில் நம் மூன்று பெயர்கள் மட்டும். ஒவ்வொரு ஸ்ட்ரக்ட்டைச் சுற்றியும் இஃப்டெஃப் போட ஆரம்பித்தால் ஆறு மாசத்தில் நமக்கே புரியாது.

ரெண்டு, கிளாங் தன்னை ஜிசிசி என்றும் சொல்லிக்கொள்ளும். அதுவும் பதிப்பு 4.2 என்று. ஜிசிசியின் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் புத்தம் புது கிளாங்கைப் பழைய ஜிசிசி என்று நினைத்து ஏமாறுவோம். ரெண்டுக்கும் பதில் வேறாக இருந்தால் கிளாங்கை முதலில் கேட்கணும்.

மூணு, வரையறுக்கப்படாத பெயரை இஃப் வரியில் பயன்படுத்தினால் ப்ரீப்ராசஸர் அதைச் சத்தமில்லாமல் 0 என்று எடுத்துக்கொள்ளும். ஒரு எழுத்துப்பிழை போதும், தவறான கிளைக்குப் போய்விடும். ஜிசிசியில் இதை எச்சரிக்கும் ஒரு தேர்வு உண்டு, அதை எப்போதும் போட்டு வையுங்கள்.

நாலு, கடைசி எல்ஸ். தெரியாத கம்பைலர் வந்தால் "எப்படியோ போகட்டும்" என்று விடாமல் அங்கேயே நிறுத்திவிடுகிறது.

ஆனால் இத்தனையையும் விட எனக்கு முக்கியமாகத் தெரிவது அதற்குக் கீழே சேர்த்த இன்னொரு வரி: ஸ்ட்ரக்ட்டின் அளவு 9 இல்லையென்றால் கம்பைல் ஆகாதே. சி11-இல் இதற்கு ஸ்டாட்டிக் அசர்ட் இருக்கிறது. பழைய கம்பைலருக்குப் பழைய தந்திரம்: அளவு 9 என்றால் நீளம் 1, இல்லையென்றால் நீளம் கழித்தல் 1 என்று ஓர் அரேயை அறிவிக்க வேண்டியது. நீளம் எதிர்மறையாக எந்த அரேயும் இருக்க முடியாது, கம்பைலர் அங்கேயே கத்தும். அன்றைக்கு இந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் மலை ஏறும் முன்பே பிழை பிடிபட்டிருக்கும்.

இது தோட்டத்துச் சமாச்சாரம் மட்டுமில்லை. போடிக்குப் பக்கத்தில் பொட்டிப்புரத்தில், 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த நியூட்ரினோ ஆய்வகம், எதிர்ப்பாலும் வழக்காலும் கட்டப்படாமலே நிற்கிறது. ஆனால் அங்கே வைக்கத் திட்டமிட்ட 50,000 டன் இரும்பு உணர்கருவி கணினிக்குள் பல வருசமாக ஓடியிருக்கிறது, ஜியான்ட்4 என்ற சி++ நிரல்தொகுப்பின் மேல். துகள் இயற்பியலாளர்கள் அதோடு சேர்த்துப் புழங்குவது ரூட் என்ற தொகுப்பு. ரூட்டின் பழைய பதிப்புகளில் சிண்ட் என்றொரு இன்டர்ப்ரிட்டர் இருந்தது. சி++ முழுவதும் அதற்குப் புரியாது. அதனால் ஆய்வாளர்களின் ஹெடர்களில் "சிண்ட் படிக்கிறதா? அப்படியானால் இந்த வரிகளைக் காட்டாதே" என்று ஒரு மேக்ரோ வேலி இருக்கும். ரூட் 6-இல் சிண்ட் போய் கிளிங் வந்தது. பழைய ஹெடர்களில் அந்த வேலி இன்னும் கிடக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். வெற்றிடத்தை நீக்கினால் உள்ளே இருக்கும் எண்கள் கோணல் முகவரிகளில் உட்காரும். அவற்றின் முகவரியை எடுத்து பாயின்டராக அனுப்பினால் சில ப்ராசஸர்களில் நிரல் விழுந்துவிடும். மேலும் பைட்டுகளின் வரிசை எந்தப் பக்கம் தொடங்குகிறது என்பதை இந்த மேக்ரோ தீர்க்காது. என் சிப்பும் லேப்டாப்பும் ஒரே வரிசை என்பதால் தப்பித்தேன். வேறு வேறு சிப்புகள் கலந்தால், ஒவ்வொரு பைட்டாக எடுத்துக் கோர்ப்பதே நிம்மதி.

இப்போது மாமா ஸ்டோரில் திரைக்குப் பக்கத்தில் ஒரு சாதாரணக் கண்ணாடித் தெர்மாமீட்டரும் தொங்குகிறது. ரெண்டும் ஒத்துப்போனால்தான் அவர் படுக்கப் போவார். "நல்லா பண்ணிட்டேன் மாமா, இனிமே தப்பா காட்டாது" என்றேன். "காட்டாதுதான் மாப்ள, இருந்தாலும் அது தொங்கட்டும்" என்றார். அவரும் ஒரு ஸ்டாட்டிக் அசர்ட் போட்டிருக்கிறார். கழற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.