டிஸ்க் மெதுவானால் செட்டிங்ஸை மாற்றாதீர்கள், முதலில் நகல் எடுங்கள்

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலையின் கரையும் முந்தானையும் இன்று பல இடங்களில் கம்ப்யூட்டரில் உருவாகி, அதன் பிறகே ஜக்கார்டுக்குப் போகின்றன. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் வந்ததால், லினக்ஸ் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. டிசைன் கோப்பு திறக்க நேரமானால் பலரும் டிஸ்க் செட்டிங்ஸை மாற்றும், எங்கோ படித்த 'ஹெச்டிபார்ம்' கட்டளையை அப்படியே அடித்துப் பார்க்கிறார்கள். இது ஆபத்து. பழைய ஐடிஇ டிஸ்க்குகளின் காலத்தில், தரவை நேரடியாக நினைவகத்துக்கு அனுப்பும் டிஎம்ஏ வசதி அணைந்து கிடந்தால் அந்தக் கட்டளையால் வேகம் பல மடங்கு கூடியது உண்மை. சாட்டா டிஸ்க்குகளில் அதைக் கெர்னலே பார்த்துக்கொள்கிறது. காலம் மாறியும் அந்த அறிவுரை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நன்றாக ஓடிய டிஸ்க் திடீரென்று மெதுவானால், அது பழுதாகிக்கொண்டிருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கெட்டுப்போன செக்டாரைப் படிக்க முடியாமல் டிஸ்க் திரும்பத் திரும்ப முயல்வதே பல நேரங்களில் அந்தத் தாமதம். டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளை காட்டும் பட்டியலில் 'கரண்ட் பெண்டிங் செக்டார்' என்ற வரியின் கடைசி எண்ணைப் பாருங்கள். அது பூஜ்யமாக இல்லாவிட்டால் எந்தச் செட்டிங்கும் உதவாது. கோப்புகளை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். 'சிஆர்சி எரர்' எண் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம், அதை மாற்றினால் போதும். தரவு சரியான வரிசையில் டிஸ்க்கில் எழுதப்படுவதை உறுதிசெய்யும் 'பேரியர்' பாதுகாப்பை வேகத்துக்காக அணைக்கச் சொல்பவர்களும் உண்டு. அதை அணைத்த பிறகு வேலைக்கு நடுவே கரண்ட் போனால் கோப்பு மட்டுமல்ல, ஃபைல் சிஸ்டமே சிதையலாம்.

அப்படியானால் செட்டிங்ஸையே தொடக்கூடாதா என்று கேட்கலாம். தொடலாம். 2007 வாக்கில் உபுண்டு பயனர்கள் எழுப்பிய பிரச்சினை நியாயமானது: மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏபிஎம் செட்டிங்கால் மடிக்கணினி டிஸ்க்கின் ஹெட் அடிக்கடி ஒதுங்கி, 'லோடு சைக்கிள்' எண் வேகமாக ஏறியது. அந்த மதிப்பை 254 ஆக்கியது பலருக்கு உதவியது. ஆனால் அதுவும் எண்ணைப் பார்த்துச் செய்த வைத்தியம்.

வாரண்டி இருக்கிறதே என்று இருந்துவிடவும் முடியாது. வாரண்டி பொதுவாக டிஸ்க்கைத்தான் மாற்றித் தரும், உள்ளே இருந்த டிசைனைத் தராது. புதிது என்று விற்ற டிஸ்க்கில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' ஆயிரக்கணக்கில் இருந்தால், அல்லது வாரண்டிக் காலத்தில் மாற்றித் தர மறுத்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். 1915 எண்ணில் புகார் சொல்லலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பில்லும் 'ஸ்மார்ட்சிடிஎல்' பட்டியலும் அங்கே சாட்சி. இன்றே டிசைன்களை இன்னொரு டிஸ்க்கில் நகலெடுங்கள், பில்லையும் போட்டோ எடுத்து அதோடு வையுங்கள்.