வைரம் துளைத்த மணிகள்

புதுச்சேரி செயின்ட் லூயி தெரு அருங்காட்சியகத்தில், பண்டைய வணிகத் தலமான அரிக்கமேட்டின் மணிகள் இருக்கின்றன. அங்கே ஒரு சூதுபவள மணியைப் பார்த்தால், அதன் துளையையும் கவனியுங்கள். வில்லால் சுழற்றும் துரப்பணத்தின் முனையில் வைரத் துணுக்குகளைப் பதித்து, இவ்வளவு கெட்டியான கல்லைக் குடைந்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கைத்திறன் அது! 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தபோது, ரோமானியரோடு நடந்த வணிகத்துக்கும் சான்றுகள் கிடைத்தன.

ரோமானியர் இந்திய வைரத்தைப் பட்டை தீட்டாமலே மோதிரத்தில் பதித்தார்கள். இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி சேர்த்ததுபோல் எட்டு முகம் கொண்டது வைரத்தின் இயற்கை வடிவம். மறுமலர்ச்சிக் கால ஐரோப்பியப் பொற்கொல்லர்களும் அந்தக் கூர்முனையை மாற்றவில்லை. வைரப் பொடியும் எண்ணெயும் தடவிய சக்கரத்தில் முகங்களை மெருகேற்றினார்கள். பின்னர் முனையைத் தேய்த்து, மேல்பக்கத்தைத் தட்டையாக்கும் முறையும் பரவியது.

அக்காலத்தில் அடி மூடிய தங்கக் குழியில் வைரத்தைப் பதிப்பதுதான் வழக்கம். குழியின் உள்ளே பூசும் மையில்தான் பொற்கொல்லரின் ரகசியம். விளக்குக் கரி, பிசின், எண்ணெய் கலந்த அந்த மையை ஃபிளாரன்ஸ் பொற்கொல்லர் செல்லினி 1568இல் வெளியான தம் நூலில் விவரித்திருக்கிறார். வைரமோ, பெரும்பாலும் நம் இந்தியச் சுரங்கங்களில் இருந்து போனதுதான். பிரேசிலில் வைரம் கிடைத்தது 18ஆம் நூற்றாண்டில்தானே!