கத்தி ஒரு நாள், கரண்டி வாழ்நாள்!

உடல் பருமனைக் குறைக்க ஆபரேஷன் செய்து கொள்கிறவர்கள் இன்று நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். "ஆபரேஷன் முடிந்தது, இனிக் கவலை இல்லை" என்று வீட்டில் உள்ளவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

ஆனால், உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது!

பல் முளைக்காத குழந்தைக்கு முதலில் பால், பிறகு கூழ், பிறகு குழைந்த சோறு என்று பழக்குவோம் அல்லவா? அதைப் போலவே 40 வயதுக்காரரும் சாப்பிடுவதை முதலில் இருந்து பழக வேண்டும்.

காபி டம்ளர் அளவு!

சாதாரணமாக மனிதனின் இரைப்பை விரிந்தால் ஒரு லிட்டர் அளவுக்குக் கொள்ளும். ஆபரேஷனில் ஒரு வகை, அந்த இரைப்பையில் 5-ல் 4 பங்கை வெட்டி எடுத்து விடுவது. மிச்சம் இருப்பது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். அதில் ஒரு சிறிய காபி டம்ளர் அளவுதான் பிடிக்கும்.

இன்னொரு வகையில், இரைப்பையின் மேல் பகுதியை மட்டும் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குப் பிரித்து, அதைச் சிறு குடலுடன் இணைத்து விடுகிறார்கள்.

இந்த இரண்டாவது முறைக்கு வழி காட்டியவர் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் எட்வர்ட் மேசன். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை இழந்தவர்கள் உடல் மெலிந்தே இருப்பதை அவர் கவனித்தார். 1966-ம் ஆண்டு அதையே பருமனுக்கு மருந்தாக்கினார்.

ஏன் இத்தனை படிகள்?

வெட்டிய இடத்தை மிக நுண்ணிய உலோக ஊக்குகளால் மூடுகிறார்கள். வெளியே வயிற்றில் சிறு சிறு தழும்புதான் தெரியும். உள்ளே இருப்பதோ நீளமான புண். அது ஆற வாரக்கணக்கில் ஆகும்.

அதற்குள் கெட்டியான உணவை விழுங்கினால் வலி வரும், வாந்தி வரும். புண்ணுக்கும் ஆகாது. எப்போதாவது ஒருவருக்கு அந்த இடம் கசிந்து விடும். அது உயிருக்கே ஆபத்து! இதற்காகத்தான் டாக்டர்கள் உணவைப் படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள்.

முதல் படி: ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாட்கள் தண்ணீர், இளநீர், வடிகட்டிய காய்கறிச் சாறு. அதுவும் மடமடவென்று அல்ல, ஒவ்வொரு வாயாக.

2-வது படி: சுமார் 2 வாரங்கள் வரை சர்க்கரை போடாத ஆடை நீக்கிய பால், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், டாக்டர் சொல்லும் புரதப் பொடி.

3-வது படி: அடுத்த 2 வாரங்கள் மசியல். நன்றாக மசித்த பருப்பு, தயிர், அரைத்த காய்கறி. கட்டி இருக்கக் கூடாது. காரம் கூடாது.

4-வது படி: அதன் பிறகு மெதுவான உணவு. இட்லி, முட்டை, முள் நீக்கிய வெந்த மீன், குழைய வேக வைத்த காய்.

கடைசிப் படி: ஏறக்குறைய 2 மாதம் ஆன பிறகுதான் வழக்கமான சாப்பாடு. அப்போதும் அளவு கொஞ்சம்தான்!

இந்தக் கணக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி சில நாட்கள் மாறும். ஆபரேஷன் செய்த டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையே பின்பற்ற வேண்டும்.

முதலில் புரதம்!

ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் தேவை. ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். 200 மில்லி பாலிலும் அதே அளவுதான். வயிறோ சிறியது! ஆகவே தட்டில் உள்ள பருப்பையும் முட்டையையும் முதலில் சாப்பிட வேண்டும். சோறு பிறகுதான். புரதம் குறைந்தால் கொழுப்போடு சதையும் கரையும்.

சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். ஆனால் நாள் முழுவதும் சிறுகச் சிறுக ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். சோடா, கலர் பக்கம் போகவே கூடாது.

இனிப்பு என்னும் வலை

ஒரு துண்டு கறி போகாத வயிற்றில் ஒரு கப் ஐஸ்கிரீம் வழுக்கிக் கொண்டு போய்விடும்! பலர் சறுக்குவது இங்கேதான். கரைந்த இனிப்பை வயிறு தடுப்பதில்லை. குறைந்த எடை மெல்ல மெல்லத் திரும்பி விடுகிறது.

குடலை இணைத்த ஆபரேஷன் செய்து கொண்டவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கல்யாண வீட்டுப் பாயசத்தை ஒரு கப் குடித்தால், சர்க்கரை நேராகக் குடலுக்குள் பாய்கிறது. நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், தலை சுற்றும்.

பசியைத் தூண்டும் ஒரு சுரப்பு, இரைப்பையின் மேல் பகுதியில் இருந்துதான் அதிகம் வருகிறது. 1999-ம் ஆண்டு ஜப்பான் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பகுதியை வெட்டி எடுத்து விடுவதால் முதல் சில மாதங்கள் பசியே தெரியாது. "பசிக்கவில்லை" என்று பட்டினி கிடப்பதும் தவறுதான். மணி பார்த்துச் சாப்பிட வேண்டும்.

சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் உண்டு. பி-12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ரத்தசோகையும் எலும்புத் தேய்மானமும் வரும். விடாமல் வாந்தி எடுத்தால் பி-1 சத்து வற்றி மூளையையே பாதிக்கும். காய்ச்சல், வயிற்று வலி, நெஞ்சுப் படபடப்பு வந்தாலும் தாமதம் கூடாது. உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

நம் வீடுகளில் அன்பைக் காட்டுவது சாப்பாட்டில்தான். "இவ்வளவுதானா சாப்பிடுகிறாய்? இன்னும் ஒரு வாய்!" என்று தாய் சொன்னால், தட்ட முடியாமல் பிள்ளை விழுங்கி விடுவான். அந்த ஒரு வாய்தான் வாந்தியாக வெளியே வருகிறது.

சிறிய தட்டு, சிறிய கரண்டி, அவசரம் இல்லாத அரை மணி நேரம். வீட்டில் உள்ளவர்கள் கொடுக்க வேண்டியது இவ்வளவுதான்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்கிற தாய், இனி வேறு கேள்வி கேட்கலாம்:

"தண்ணீர் குடித்தாயா? மாத்திரை போட்டுக் கொண்டாயா?"