ஓய்வு பெற்றவர்களின் சிறு நிதி: கல்லூரியோடு அறுந்துபோகாத உறவு

கல்வியாண்டு முடியும்போது நம் கல்லூரிகளில் பணி நிறைவு விழாக்கள் நடக்கின்றன. பொன்னாடை, நினைவுப் பரிசு, துறையினரோடு ஒரு புகைப்படம், பகல் விருந்து. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வளாகத்தில் உழைத்த பேராசிரியர் மாலையில் வீடு திரும்புகிறார். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அவர் அதே கல்லூரிக்குச் சென்றால், "யாரைப் பார்க்கணும்?" என்று வாயிற்காவலர் கேட்கிறார்.

அவரோடு சேர்ந்து அனுபவமும் வெளியேறிவிடுகிறது. எந்த ஆய்வகத்தில் எந்தக் கருவி பல ஆண்டுகளாகப் பழுதாகிக் கிடக்கிறது, எந்தத் துறை மாணவர்கள் பேருந்துக் கட்டணம் இல்லாமல் களப்பயணத்தைக் கைவிட்டார்கள், மாணவியர் ஓய்வறையில் என்ன குறை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இந்த அனுபவத்தையும் ஓய்வூதியத்தில் ஒரு சிறு பங்கையும் சேர்த்துக் கல்லூரிக்கே திருப்பித் தரும் ஒரு நல்ல வழக்கம் உலகின் பல கல்வி நிலையங்களில் இருக்கிறது. அதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

அங்கே என்ன செய்கிறார்கள்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் ஊழியர்களும் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். இத்தகைய சங்கங்களுக்கான ஒரு கூட்டமைப்பும் 2002-இல் உருவானது. சில சங்கங்கள் உறுப்பினர்களிடம் நிதி திரட்டி, ஆண்டுக்கு ஒருமுறை வளாகத்தில் விண்ணப்பங்களைக் கேட்கின்றன. நல்ல யோசனைகளைத் தேர்ந்தெடுத்து, சில நூறு டாலர் முதல் ஓரிரு ஆயிரம் டாலர் வரை கொடுக்கின்றன. தொகை சிறியது, விண்ணப்பமும் சுருக்கமானது. வேலை முடிந்ததும் என்ன செய்தோம் என்று ஓர் அறிக்கை தர வேண்டும்.

இதன் பின்னால் சிந்திக்க வைக்கும் ஒரு வரலாறு உண்டு. அங்கே கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியமே ஒரு நன்கொடையில் பரவலானதுதான். ஆசிரியர்கள் முதுமையில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பதைக் கண்ட தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி, 1905-இல் ஒரு கோடி டாலர் கொடுத்து அவர்களுக்கான ஓய்வூதிய நிதியைத் தொடங்கினார். அந்தத் தொகை போதாது என்று தெரிந்ததும், 1918-இல் ஆசிரியர்களும் கல்வி நிலையங்களும் பங்களிக்கும் தனி அமைப்பு ஏற்பட்டது.

சிறு தொகையால் என்ன ஆகும்?

பெரிய நன்கொடையாளர் கட்டடம் கட்டித் தருவார். அவருடைய பெயர் கல்வெட்டில் இருக்கும். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் ஆய்வகத்துக்கு எட்டாயிரம் ரூபாயில் வாங்க வேண்டிய ஒரு பொருளுக்காக யாரும் அவரிடம் போக மாட்டார்கள். நிர்வாகத்திடம் கேட்டால் அடுத்த நிதிநிலையில் பார்க்கலாம் என்பார்கள். அதற்குள் அந்த மாணவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார்.

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் சிறு நிதி. தாவரவியல் மாணவர்களின் களப்பயணத்துக்கு வாகன வாடகை, ஆய்வுக் கட்டுரை வாசிக்க வெளியூர் செல்லும் மாணவிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணம், பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை ஒலிப்பதிவு செய்யும் கருவி, சக்கர நாற்காலிக்கான சாய்தளம், போட்டித் தேர்வு நூல்கள் என்று இதற்குப் பட்டியல் போட்டுக்கொண்டே போகலாம். இவற்றில் பலவற்றுக்கு இருபதாயிரம் ரூபாய் போதும்.

வட்டியில்லாத வழி

நம் சமுதாயத்துக்கு இந்த முறை ஏன் குறிப்பாகப் பொருந்தும் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கல்லூரிகளில் ஒருவர் பெயரால் பரிசோ சொற்பொழிவோ நிறுவ வேண்டுமென்றால், வழக்கமாக ஒரு தொகையை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். வட்டி ஹராம் என்பதால் மார்க்கப் பற்றுள்ள பல பெரியவர்கள் இதிலிருந்து ஒதுங்கி நிற்கிறார்கள். கொடுக்க மனமிருந்தும் வழியில்லை என்று நினைக்கிறார்கள்.

சிறு நிதி முறையில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அந்த ஆண்டு வந்த பணத்தை அந்த ஆண்டே செலவிட்டுவிடலாம். கணக்கைப் பாருங்கள். 40 பேர் மாதம் 500 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் சேரும். தலா 20,000 ரூபாய் வீதம் 12 பணிகளை முடிக்கலாம். இதே தொகை வட்டியாக வர வேண்டுமென்றால், 7 சதவீதக் கணக்கில் 34 லட்சம் ரூபாய்க்கு மேல் வங்கியில் போட வேண்டும். எந்த ஓய்வு பெற்றவரிடம் அது இருக்கிறது? ஆனால் மாதம் 500 ரூபாய் பலரிடம் இருக்கிறது. குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்த பாடம்.

நிலையான வருமானம் வேண்டும் என்று கருதுபவர்களுக்கு வக்ஃபு முறை இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் கைபரில் கிடைத்த நிலத்தை விற்காமல் நிறுத்தி, அதன் விளைச்சலை மட்டும் அறத்துக்கு வழங்கினார்கள். அதுபோல ஒரு கடையின் வாடகையைக் கல்லூரி நிதிக்கு ஒதுக்கலாம்.

ஜகாத் பணத்தைப் போடலாமா?

ஜகாத் பெறத் தகுதியானவர்கள் யார் என்பதைக் குர்ஆன் (9:60) எட்டு வகையாக வரையறுத்துள்ளது. ஜகாத் பொருள் தகுதியுள்ள ஒருவரின் கைக்கு உடைமையாகப் போய்ச்சேர வேண்டும் என்பது அறிஞர்களில் பெரும்பான்மையோர் கருத்து. எனவே ஏழை மாணவரின் கட்டணத்துக்கு ஜகாத்தைத் தரலாம். ஆய்வகக் கருவிக்கும் களப்பயணத்துக்கும் ஸதகாவிலிருந்து கொடுப்பதே பேணுதல். இரண்டுக்கும் கணக்கைத் தனித்தனியே வைப்பது அவசியம்.

தொடங்க விரும்புவோருக்கு

1. விண்ணப்பம் ஒரு பக்கத்தில் முடிய வேண்டும். என்ன வேலை, யாருக்குப் பயன், எவ்வளவு செலவு, எப்போது முடியும் என்ற நான்கு கேள்விகள் போதும்.

2. தேர்வுக் குழுவில் ஐந்து பேர் இருக்கலாம். தன் பழைய துறையிலிருந்து வரும் விண்ணப்பத்துக்கு யாரும் வாக்களிக்கக் கூடாது. மனக்கசப்பு வராமலிருக்க இதுவே நல்ல வழி.

3. பணத்தைக் கையில் கொடுக்காமல், பொருள் விற்பவருக்கே ரசீதின் பேரில் வங்கி வழியாகச் செலுத்த வேண்டும். ஆண்டுக் கணக்கை அனைவருக்கும் அனுப்ப வேண்டும்.

4. அரசும் நிர்வாகமும் செய்தாக வேண்டிய கடமைகளுக்கு இந்த நிதியைத் தொடக் கூடாது. தொட்டால் அந்தக் கடமை நிரந்தரமாக ஓய்வு பெற்றவர்களின் தலையில் விழும்.

5. பணம் கொடுப்பதால் துறையை நடத்தும் உரிமை வந்துவிடாது. இன்று பொறுப்பில் இருப்பவர்களின் வேலையில் தலையிட்டால் இந்த உறவு நீடிக்காது.

6. ஆய்வக உதவியாளரும் அலுவலக ஊழியரும் இதில் சமமான உறுப்பினர்கள். சுயநிதிப் பிரிவில் பணியாற்றியவர்களுக்கு அரசு ஓய்வூதியம் கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களிடம் சந்தா கேட்காமல் ஆலோசனை கேட்கலாம்.

சட்ட விதிகளையும் கவனிக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் கீழ் இதற்கான அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பழைய வரி முறையில் சலுகை உண்டு. புதிய முறையில் இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடைக்காது. வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கிடும்.

குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை

வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இலும், திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை நியூ காலேஜும் 1951-இலும், அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி 1955-இலும் தொடங்கப்பட்டன. இவை சமுதாயத்தின் கொடையால் எழுந்தவை. அந்தக் காலத்தில் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வணிகர்கள். அவர்கள் எழுப்பிய நிலையங்களில் படித்தும் பணியாற்றியும் ஒரு பெரிய ஆசிரியர் தலைமுறையே உருவாகி, இன்று ஓய்வில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வாப்பாவோ உம்மாவோ இருக்கக்கூடும். அவர்களின் மருத்துவச் செலவும் குடும்பத்தின் தேவையும் முதலில். அதில் மாற்றுக் கருத்தில்லை. அதற்குப் பிறகு அவர்கள் மாதம் 500 ரூபாயை எடுத்து வைக்க நினைத்தால், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று தடுக்காதீர்கள். மனிதன் இறந்த பிறகும் நன்மை வந்துகொண்டிருக்கும் மூன்று வழிகளாக நிலையான தர்மத்தையும், பயன் தரும் கல்வியையும், தனக்காகத் துஆ செய்யும் நல்ல பிள்ளையையும் நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னார்கள். கல்லூரிக்குத் தரும் சிறு நிதியில் முதல் இரண்டும் அடங்கியிருக்கின்றன. மூன்றாவது, பிள்ளைகளாகிய நம் கையில் இருக்கிறது.